மீன் குட்டையில் அழையாத விருந்தாளிகள்: குஞ்சு விடுமுன் ஒழிப்பதே சிக்கனம்

பாசனத் தண்ணீரைத் தேக்குவதற்காக வெட்டிய பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு உபரி வருமானம் காணும் விவசாயிகள் பலர். மழைக்காலத்தில் குஞ்சு விட்டு, தவிடும் பிண்ணாக்கும் போட்டு, கோடையில் வலை வீசும்போதுதான் சிலருக்கு ஏமாற்றம் தெரிய வருகிறது. விட்ட குஞ்சு முந்நூறு என்றால் கையில் கிடைப்பது ஐம்பதோ அறுபதோதான். வலை நிறைய ஜிலேபிக் கெண்டைப் பொடியும், நடுவே கொழுத்த விரால் நாலைந்தும் கிடக்கும். குஞ்சு வாங்கிய இடத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று குறை சொல்வதும் உண்டு. பெரும்பாலும் குறை குஞ்சில் இல்லை, குட்டையில் இருக்கிறது.

நாம் விடாமலே குட்டைக்குள் வந்து சேரும் உயிர்கள் பல. அவற்றில் சில நம் குஞ்சுகளைத் தின்கின்றன. சில நாம் போடும் தீவனத்தைத் தின்கின்றன. சில கரையைத் துளைத்துத் தண்ணீரை வடிக்கின்றன. இவற்றை ஒழிக்கும் முறைகள் எளியவை, செலவும் அதிகமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குஞ்சு விடுவதற்கு முன்பே இவற்றைச் செய்து முடிக்கவேண்டும். குஞ்சு விட்ட பிறகு எந்த மருந்தைப் போட்டாலும் பகை மீனோடு நம் மீனும் சேர்ந்தே சாகும். நெல் வயலில் களையைத் தனியே பறிக்கலாம். தண்ணீருக்குள் அந்த வசதி இல்லை.

எப்படி வருகின்றன?

பகை உயிர்கள் குட்டைக்குள் வரும் வழிகள் நான்கு. முதலாவது, பாசனத் தண்ணீர். ஆற்று வாய்க்கால், ஏரி மதகு ஆகியவற்றிலிருந்து பாயும் தண்ணீரில் மீன் முட்டைகளும் கண்ணுக்குத் தெரியாத சிறு குஞ்சுகளும் கலந்து வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, மழை வெள்ளம். பெருமழை நாளில் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியவை ஈரத் தரையில் ஊர்ந்தே ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குப் போகும். இவற்றுக்குச் செவுளோடு, காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் இருப்பதால் தண்ணீருக்கு வெளியே சில மணி நேரம் தாக்குப்பிடிக்கின்றன.

மூன்றாவது, விலைக்கு வாங்கும் குஞ்சுகள். நம்பகமில்லாத இடத்தில் வாங்கும் குஞ்சுப் பையில் ஜிலேபிக் குஞ்சும் கெளுத்திக் குஞ்சும் கலந்திருக்கலாம். பேன் பற்றிய குஞ்சும் இருக்கலாம்.

நான்காவது, மனிதர் கை. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால், கொல்ல மனமில்லாமல் பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். பாவம் பார்த்துச் செய்யும் இக்காரியம் விவசாயிக்குப் பெரும் தலைவலியாக முடிகிறது.

ஆட்களை அடையாளம் காணுதல்

குட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை வலை வீசாமலேயே ஓரளவு அறியலாம். நீர்ப்பரப்பில் செந்நிறச் சிறு குஞ்சுகள் கூட்டமாக மேலெழுந்து மறைந்தால் அவை விரால் குஞ்சுகள். அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் இருக்கும். தண்ணீர் குறைந்த கரையோரத்தில் தட்டுப் போல வட்டக் குழிகள் தெரிந்தால் அவை ஜிலேபிக் கெண்டை முட்டையிடத் தோண்டிய குழிகள். கரையின் நீர் மட்டத்தில் முழங்கை நுழையும் அளவுக்கு வளைகள் இருந்தால் அது டேங்க் கிளீனர் எனப்படும் மீனின் வேலையாக இருக்கலாம். சிறு வளைகள் நண்டு வளைகள்.

விராலுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. தனியாக வளர்த்தால் அது லாபமான மீன். ஆனால் கெண்டைக் குஞ்சு விட்ட குட்டையில் அது கோழிப் பண்ணைக்குள் புகுந்த கீரி. குறவை, வாளை, கெளுத்தி ஆகியவையும் இவ்வகையே.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் குஞ்சுகளின் இழப்பு மிகக் குறைவு. பிறந்த இரண்டு மூன்று மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்து, ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கிறது. இதனால் குட்டை முழுதும் விரல் நீளப் பொடிகளாக நிறைந்து, எதுவுமே வளராமல் போகிறது. அரசு அனுமதி பெற்று, பதிவு செய்து வளர்க்கப்படும் 'கிப்ட்' ரகத் திலாப்பியா வேறு. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மிகவும் ஆபத்தானது. தட்டையான தலை, நான்கு ஜோடி மீசை, வால் வரை நீண்ட முதுகுத் துடுப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. மீன், தவளை, நத்தை, அழுகல் என்று எதையும் விட்டுவைக்காது. இதை வளர்ப்பதற்குத் தடை உள்ளது. வேகமாக வளரும் என்று சொல்லி யாராவது இதன் குஞ்சை விற்க வந்தால் வாங்கக் கூடாது.

டேங்க் கிளீனர் அல்லது சக்கர் மீன் என்பது தென் அமெரிக்காவிலிருந்து கண்ணாடித் தொட்டிக்காக வந்தது. தொட்டிச் சுவரில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பதால் இப்பெயர். இப்போது தமிழகத்தின் ஏரிகளிலும் ஆறுகளிலும் பெருகிவிட்டது. உடல் முழுவதும் எலும்புத் தகடுகள். துடுப்பில் கடினமான முள். வலையில் சிக்கினால் வலைதான் கிழியும். வாங்குவாரும் இல்லை. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை பலவீனப்பட்டுக் கசிவும் சரிவும் ஏற்படுகின்றன. தண்ணீரை விட்டு எடுத்துப் போட்டாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். எனவே கரையில் எறிந்துவிட்டுப் போனால் மீண்டும் தண்ணீருக்குள் புரண்டு விழுந்துவிடும்.

முதல் வேலை: தண்ணீரை வடித்துக் காயவிடுதல்

எல்லா மருந்திலும் சிறந்த மருந்து வெயில். குட்டையை ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் காயவிடுவது பகை மீன், பூச்சி, நத்தை, பேன் முட்டை ஆகிய அனைத்தையும் ஒருசேர ஒழிக்கும். சித்திரை, வைகாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

தண்ணீர் குறையும்போதே இழுவலை போட்டு உள்ள மீன்களைப் பிடித்து விற்றுவிடலாம். எஞ்சிய தண்ணீரை இறைத்துப் பயிருக்குப் பாய்ச்சலாம். வடிந்த பிறகு தரை வெடித்துப் பாளம் பாளமாகும் வரை காயவேண்டும். ஏழு முதல் பத்து நாட்கள் நல்ல வெயில் இருந்தால் போதும். பிறகு மேலோட்டமாக உழுதுவிடவேண்டும். விரால், கெளுத்தி ஆகியவை ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிரோடு இருக்கும். உழவு அவற்றை வெளியே கொண்டுவரும்.

பள்ளமான இடங்களில் தண்ணீர் தேங்கி நின்றால் அதில்தான் எல்லாப் பகை மீனும் ஒதுங்கியிருக்கும். அந்த இடத்தில் சுட்ட சுண்ணாம்பைத் தூவவேண்டும். சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எனவே காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று, கையுறையோ துணியோ சுற்றிக்கொண்டு தூவவேண்டும். கரை ஓரத்து வளைகளைக் கடப்பாரையால் கிளறி, உள்ளே இருக்கும் டேங்க் கிளீனர் மீன்களை எடுத்து ஆழக் குழி வெட்டிப் புதைக்கவேண்டும். வளைகளைக் களிமண்ணால் அடைத்து மெத்தவேண்டும்.

பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டைகளில் உழவு தேவையில்லை. சேறு இல்லாததால் பகை மீனுக்கு ஒளிய இடமும் இல்லை. வண்டலைக் கூட்டி அள்ளிவிட்டு இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் போதும். அள்ளிய வண்டல் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம். விரிப்புக் குட்டைக்குள் கடப்பாரை, மூங்கில் முனை ஆகியவற்றை இறக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வடிக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் பிண்ணாக்கு

ஊற்று உள்ள குட்டையை முழுவதும் வடிக்க முடியாது. அங்கே இலுப்பைப் பிண்ணாக்கு கைகொடுக்கும். நம் வீடுகளில் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் இலுப்பை அரப்பு நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரையைத் தரும் 'சபோனின்' என்ற பொருள்தான் மீனைக் கொல்வது. அது செவுள் வழியாக உடலுக்குள் சென்று இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடுகிறது.

அளவு: ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 250 கிராம். குட்டையின் பரப்பை மட்டும் பார்த்து மருந்து போடுவது பலரும் செய்யும் பிழை. தண்ணீரின் ஆழமும் கணக்கில் வரவேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஆழத்தை ஐந்து இடங்களில் குச்சி விட்டு அளந்து சராசரி எடுக்கவேண்டும்.

ஓர் உதாரணம். 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள குட்டையின் பரப்பு 400 சதுர மீட்டர். ஏறக்குறைய 10 சென்ட். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் தண்ணீர் 600 கன மீட்டர். இதற்கு 150 கிலோ பிண்ணாக்கு தேவை. அதே குட்டையில் தண்ணீரை அரை மீட்டராகக் குறைத்துவிட்டால் 200 கன மீட்டர்தான். 50 கிலோ பிண்ணாக்கு போதும். மூன்றில் இரண்டு பங்கு செலவு மிச்சம். ஆகவே முழுவதும் வடிக்க முடியாவிட்டாலும் முடிந்த மட்டும் இறைத்த பிறகே பிண்ணாக்கு இடவேண்டும்.

பிண்ணாக்கைத் தூளாக்கி முதல் நாள் மாலையே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் கரைத்துக் குட்டை முழுதும் சீராகத் தெளிக்கவேண்டும். பிறகு வலையை ஓரிருமுறை இழுத்து அடித் தண்ணீரோடு கலக்கவேண்டும். சில மணி நேரத்தில் மீன்கள் மயங்கி மேலே வரும். அவற்றை உடனுக்குடன் அள்ளிவிட வேண்டும். இம்முறையில் பிடிபடும் மீன் உண்ணத்தக்கதே. ஆனால் அள்ளாமல் விட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

பிண்ணாக்கின் நஞ்சு ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கும். அதுவரை குஞ்சு விடக் கூடாது. ஆடு மாடுகளையும் அந்தத் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது. அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடவும் கூடாது. நஞ்சு தணிந்த பிறகு பிண்ணாக்கு மக்கிக் குட்டைக்கு எருவாகிறது. அதனால் நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, குஞ்சுக்கு இயற்கை உணவு கிடைக்கிறது. ஒரே செலவில் இரட்டைப் பயன் என்பது இதுதான்.

பிளீச்சிங் பவுடர்

இலுப்பைப் பிண்ணாக்கு கிடைக்காத ஊர்களில் பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தலாம். ஒரு கன மீட்டருக்கு 35 கிராம் வீதம், மேற்சொன்ன 200 கன மீட்டர் தண்ணீருக்கு 7 கிலோ வேண்டும். செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. முதலில் கன மீட்டருக்கு 10 கிராம் வீதம் 2 கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளித்து, ஒரு நாள் கழித்து 3.5 கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்தால் அதே பலன் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. யூரியாவையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியிலோ சாக்கிலோ ஒருபோதும் கலக்கக் கூடாது. ஆபத்தான வாயு உண்டாகும். இரண்டும் தண்ணீருக்குள்தான், ஒரு நாள் இடைவெளியில்தான் சேரவேண்டும். பவுடர் புதியதாக, மூடிய பையில் வந்ததாக இருக்கவேண்டும். திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. இதன் நஞ்சு ஏழெட்டு நாளில் தணிந்துவிடும் என்பதால் அவசரத்துக்கு ஏற்றது. ஆனால் பிண்ணாக்கைப் போல எருப் பயன் இதில் இல்லை.

எந்த முறையானாலும் குஞ்சு விடுமுன் ஒரு சோதனை அவசியம். சிறு நைலான் வலைப் பையைக் குட்டைக்குள் கட்டி, அதில் பத்துக் குஞ்சுகளை விட்டு ஒரு நாள் முழுவதும் பார்க்கவேண்டும். பத்தும் துள்ளிக்கொண்டிருந்தால் மற்றவற்றை விடலாம். ஓரிரண்டு செத்தாலும் இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் குட்டையில் ஊற்றி மீனைக் கொல்லும் வழக்கம் அறவே கூடாது. முன்பு சிலர் எண்டோசல்பானைக் கூட இதற்குப் பயன்படுத்தினர். அந்த மருந்துக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இத்தகைய மருந்துகள் சேற்றில் தங்கி, பின்னால் வளரும் மீனின் உடலிலும் ஏறி, உண்பவர் வயிற்றுக்குப் போகின்றன. செத்த மீனைத் தின்னும் கோழி, பறவைகளுக்கும் ஆபத்து. பிண்ணாக்கோ பவுடரோ, அதையும் சொந்தக் குட்டையில் மட்டுமே இடலாம். ஊர்ப் பொது ஏரியிலோ ஓடும் வாய்க்காலிலோ ஒரு பிடி கூடப் போடக் கூடாது.

நீர்ப் பூச்சிகள்

விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சுகளை வாங்கி விடுவோர் நீர்ப் பூச்சிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பொரித்த சில நாளே ஆன நுண்குஞ்சுகளை வாங்கி நாற்றங்கால் குட்டையில் வளர்ப்போருக்கு இவையே முதல் எதிரி. மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்த்தேள், குச்சிப் பூச்சி, நீர் வண்டு ஆகியவை நுண்குஞ்சுகளைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சுகின்றன அல்லது கடித்துத் தின்கின்றன.

இவற்றில் பெரும்பாலானவை சுவாசிக்க அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வந்தாகவேண்டும். பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் காற்று கிடைக்காமல் மூச்சடைத்துச் சாகும். ஒரு எக்டேருக்கு 56 கிலோ மலிவான தாவர எண்ணெய், 18 கிலோ சாதாரணத் துணி சோப்பு என்பது நெடுநாளாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. 5 சென்ட் நாற்றங்காலுக்கு இது சுமார் ஒரு கிலோ 100 கிராம் எண்ணெயும் 370 கிராம் சோப்பும் ஆகும். சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, எண்ணெயை ஊற்றிக் கலக்கிப் பால் போல ஆக்கித் தெளிக்கவேண்டும். நுண்குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு இதைச் செய்யவேண்டும். காற்றில்லாத நேரமாக இருக்கவேண்டும். காற்று அடித்தால் படலம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

இதற்கு மசியாத பூச்சி ஒன்று உண்டு. தட்டான் பூச்சியின் இளம் பருவம் தண்ணீருக்கு அடியில் வாழ்கிறது. இது தண்ணீருக்குள்ளேயே செவுளால் சுவாசிப்பதால் எண்ணெய்ப் படலம் இதை ஒன்றும் செய்யாது. நாற்றங்காலைக் காயவைத்து, தண்ணீர் கட்டிய சில நாளிலேயே நுண்குஞ்சுகளை விட்டுவிடுவதுதான் இதற்குப் பரிகாரம். நாள் தள்ளினால் தட்டான்கள் முட்டையிட்டு, அவற்றின் இளம் பருவம் நம் குஞ்சுகளுக்கு முன்பே வளர்ந்து காத்திருக்கும். கொசுவலைத் துணியால் அவ்வப்போது அடியைத் துழாவி அள்ளுவதும் நல்லது. அப்போதே தவளை முட்டைத் திரள்களையும் அள்ளி எறிந்துவிடலாம்.

நத்தையும் பேனும்

நத்தைகள் மீனைத் தின்பதில்லை. ஆனால் மீனையும் கால்நடையையும் தாக்கும் தட்டைப் புழுக்களுக்கு அவை இடைத்தங்கல் வீடு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் ஈரல் புழு நோய் நத்தை வழியாகவே பரவுகிறது. மாலையில் தென்னை மட்டைகளைக் கரையோரத் தண்ணீரில் போட்டு வைத்தால் இரவில் நத்தைகள் அவற்றில் வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் மட்டையை இழுத்து உதறி, நத்தைகளை நசுக்கிப் புதைத்துவிடலாம். வாரம் இருமுறை செய்தால் ஒரே மாதத்தில் கணிசமாகக் குறையும். இதில் பைசாச் செலவில்லை. மீன் இருக்கும்போதும் செய்யலாம்.

மீன் பேன் வட்டமாக, தட்டையாக, மீனின் உடலில் ஊர்வது கண்ணுக்கே தெரியும். பேன் பற்றிய மீன் கல்லிலும் கட்டையிலும் உரசிக்கொள்ளும். தோலில் செம்புள்ளிகள் தோன்றும். பேன் தன் முட்டைகளை மீன்மேல் இடுவதில்லை. தண்ணீரில் உள்ள கல், குச்சி, கட்டைகளில் வரிசையாக ஒட்டிவைக்கிறது. இந்தப் பழக்கத்தையே அதற்கு எதிராகப் பயன்படுத்தலாம். வேண்டாத கட்டை, முள் அனைத்தையும் அகற்றிவிட்டு, ஐந்தாறு மூங்கில் குச்சிகளை மட்டும் நட்டு வைக்கவேண்டும். முட்டையிட வேறு இடமில்லாமல் பேன்கள் அந்தக் குச்சிகளையே நாடும். வாரம் ஒருமுறை குச்சிகளைப் பிடுங்கி வெயிலில் நன்கு காயவைத்து மீண்டும் நடவேண்டும். முட்டைகள் காய்ந்து ஒழியும்.

மீண்டும் வராமல் தடுப்பு

ஒழிப்பதற்கு ஒரு நாள் உழைப்புப் போதும். வராமல் காப்பதற்கு ஆண்டு முழுவதும் கவனம் வேண்டும். தண்ணீர் வரும் குழாயின் வாயில் நைலான் கொசுவலையைப் பை போலத் தைத்து, ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிட்டுக் கட்டவேண்டும். நேராக விரித்துக் கட்டிய வலை குப்பை சேர்ந்து கிழியும். பை போல நீண்ட வலையில் தண்ணீர் தடையின்றிப் போகும். தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் தினமும் பையை உதறிக் கழுவவேண்டும். வடிகாலிலும் இதேபோல வலை வேண்டும்.

கரை, வெள்ள மட்டத்துக்கு மேல் குறைந்தது இரண்டடி உயரம் இருக்கவேண்டும். ஊர்ந்து வரும் மீன்களைத் தடுக்க, மழைக்கு முன்பே கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குப் பழைய நைலான் வலையால் வேலி கட்டலாம். வலையின் அடிப்பாகம் அரை அடி மண்ணுக்குள் புதைந்திருக்கவேண்டும். மேல்பாகம் வெளிப்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும்.

குஞ்சுகளை அரசு மீன் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்கவேண்டும். பையைப் பிரித்ததும் குட்டையில் கொட்டிவிடக் கூடாது. வெள்ளைப் பேசினில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தால் மீசை உள்ள குஞ்சும், முதுகில் முள் உள்ள ஜிலேபிக் குஞ்சும் எளிதில் தெரியும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் கல் உப்பு கரைத்து, குஞ்சுகளை வலைக்கரண்டியோடு ஓரிரு நிமிடம் முக்கி எடுத்தால் உடம்பில் ஒட்டிய பல ஒட்டுண்ணிகள் உதிரும். குஞ்சு தடுமாறினால் உடனே எடுத்துவிட வேண்டும். பை வந்த தண்ணீரைக் குட்டையில் ஊற்றக் கூடாது, வயலில் கொட்டிவிடலாம்.

வெங்காயத் தாமரை என்றும் ஆகாயத் தாமரை என்றும் சொல்லப்படும் மிதவைக் களை ஒரு செடி வந்தாலும் பூக்குமுன் எடுத்துவிட வேண்டும். அதன் விதை சேற்றில் பல ஆண்டு உறங்கிக் கிடந்து முளைக்கும். எடுத்த களையைச் சாணத்தோடு சேர்த்து மக்கவைக்கலாம்.

குஞ்சு விட்ட பிறகு தெரிந்தால்?

காலம் கடந்து பகை மீனைக் கண்டவர்கள் மருந்தைத் தேடக் கூடாது. விரால், கெளுத்திக்குத் தவளை அல்லது சிறு மீனை இரையாகக் கோத்துத் தூண்டில் போடலாம். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தென்பட்டால் வீச்சு வலையால் முழுவதுமாக அள்ளிவிட வேண்டும். ஜிலேபிக் கெண்டையை மாதம் இருமுறை வலையிட்டுக் குறைக்கலாம். கெண்டைகள் கால் கிலோ எடைக்கு வந்துவிட்டால், விரல் நீள விரால் குஞ்சுகள் சிலவற்றை விட்டு ஜிலேபிப் பொடியைத் தின்ன வைக்கலாம். ஆனால் அறுவடையின்போது அந்த விரால் ஒன்றையும் விடாமல் பிடித்துவிடவேண்டும். விட்டால் அடுத்த ஆண்டுக் குஞ்சு அதற்கு இரை. பகை மீன் தொல்லை தீராத குட்டையில் சிறு குஞ்சு விடாமல், அரை அடி நீளம் வளர்ந்த குஞ்சுகளையே விடுவது இழப்பைக் குறைக்கும்.

மீன்கொத்தி, நீர்க்காகம் ஆகியவற்றுக்குக் குட்டையின் குறுக்கே நூல் கயிறு கட்டினால் போதும். ஆமைகளில் பலவும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதோ கொல்வதோ கூடாது.

10 சென்ட் குட்டைக்குக் கால அட்டவணை

முதல் வாரம்: வலையிட்டு மீன் பிடித்தல், தண்ணீர் வடித்தல், வளை அடைத்தல்.

இரண்டாம் வாரம்: காயவிடுதல், உழுதல். பிறகு 8 முதல் 10 கிலோ சுண்ணாம்பு தூவுதல். காயவைக்க முடியாத குட்டையில் இந்த வாரமே அரை மீட்டர் தண்ணீரில் 50 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடுதல்.

மூன்றாம் வாரம்: வேலியும் வலைப்பையும் கட்டுதல். காய்ந்த குட்டைக்கு வலைப்பை வழியாகத் தண்ணீர் பாய்ச்சுதல்.

நான்காம் வாரம்: காய்ந்த குட்டையில் பத்துக் குஞ்சுச் சோதனை செய்து, 300 குஞ்சுகள் வரை விடுதல். பிண்ணாக்கு இட்ட குட்டையில் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, ஐந்தாம் வாரத்தில் சோதனை செய்து விடுதல்.

மேலும் விவரம் வேண்டுவோர் அந்தந்த மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். நாகப்பட்டினத்தில் தலைமையிடம் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும் மீன் வளர்ப்போருக்குப் பயிற்சி அளிக்கிறது.

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கும் உறவினர், நண்பர்களுக்கும் விவசாயிகள் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. வேண்டாத மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க விரும்புவோருக்குத் தரலாம். குளத்தில் மட்டும் விடவேண்டாம். அங்கே விட்ட ஒரு மீன், அடுத்த மழையில் யாரோ ஒரு விவசாயியின் குட்டைக்கு வந்து சேரும்.